மீன் தொட்டிக்கும் உறைமோர் வேண்டும்

கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு மீனைப் பார்க்காமல் இருக்க முடியாது. சைவ உணவுக்காரர்களானாலும், லேக் மார்க்கெட்டுக்கு வாழையிலையும் பூவும் வாங்கப் போகையில் மீன்காரரின் குரல் காதில் விழத்தான் செய்யும். இப்படிப்பட்ட ஊரில் நம் வீட்டுக் குழந்தைகள் “நாமும் மீன் வளர்க்கலாமே” என்று கேட்பதில் வியப்பில்லை. ஞாயிறு காலை பாக்பஜார் பக்கம் கலிஃப் தெருவில் கூடும் சந்தைக்குப் போகிறோம். ஒரு கண்ணாடிக் குடுவை, இரண்டு தங்க மீன், ஒரு டப்பா தீனி வாங்குகிறோம். அன்று மாலை வீடே அமர்க்களப்படுகிறது. பத்தாம் நாள் ஒரு மீன் மிதக்கிறது. பதினைந்தாம் நாள் குடுவை பரண்மேல் ஏறுகிறது.

அதன்பின் வீட்டில் எழும் விளக்கங்கள் பலவிதம். “நமக்கு மீன் ராசி இல்லை” என்பார் ஒருவர். “வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது” என்பார் இன்னொருவர். “கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பது மூன்றாவது கட்சி. அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் ஆறுதல் தருவதில்லை. நம்பிக்கைகள் அவரவர் விருப்பம். ஆனால் இவ்வாறு சாகும் மீன்களில் பெரும்பாலானவை ராசியால் சாவதில்லை, தண்ணீரில் சேரும் விஷத்தால் சாகின்றன. அந்த விஷம் எது, அதை எப்படித் தடுப்பது என்று தெரிந்துகொண்டால், 2 அடி நீளத் தொட்டியில் மீன்கள் வருடக்கணக்கில் நலமாக வாழும். இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அதை இங்கே படிப்படியாகச் சொல்ல முற்படுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் மூச்சு விடும்போதே அதன் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் இது கரைந்து போய்விடும். குடுவையிலோ அது அங்கேயே தங்கும். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே மீனின் செவுளை அது அரித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு இயற்கை வைத்திருக்கும் மருந்து நுண்ணுயிர்கள். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், அது இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. இன்னொரு வகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் ஆபத்து மிகக் குறைவு. அளவோடு இருந்தால் மீன் தாங்கும், செடிகளுக்கு உரமாகவும் ஆகும். 1890-ஆம் ஆண்டளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

நம் நகரமே இதற்குப் பெரிய உதாரணம். கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பகுதி கிழக்கே உள்ள சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கே ‘பேரி’ எனப்படும் ஆழமில்லாத மீன் குளங்களில் வெயிலும், பாசியும், நுண்ணுயிர்களும் சேர்ந்து அந்த நீரைச் சுத்தம் செய்கின்றன. அதிலேயே மீனும் வளர்கிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நிலம் 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே நடப்பதில் ஒரு கைப்பிடியளவு வேலை நம் கூடத்துத் தொட்டியிலும் நடந்தாக வேண்டும்.

ஆனால் புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் அநேகமாக இல்லை. தாமாக வந்து பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். நாமோ தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விட்டுவிடுகிறோம். பத்தாம் நாள் மரணத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

தொட்டியும் அது நிற்கும் இடமும்

குடுவை வேண்டாம். வாய் குறுகிய பாத்திரத்தில் காற்று படும் பரப்பு குறைவு; தண்ணீரும் குறைவாக இருப்பதால் விஷம் வெகு சீக்கிரம் ஏறும். ‘சிறிய தொட்டி, சுலபமான வேலை’ என்று நினைப்பது சரியல்ல. தண்ணீர் அதிகமானால் தவறுகளைத் தாங்கும் சக்தியும் அதிகம். முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் பொருத்தமான அளவு. கல்லுக்கும், மேலே விடும் ஓர் அங்குல இடைவெளிக்கும் போக, இதில் தோராயமாக 48 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

எடையையும் கணக்கிட வேண்டும். தண்ணீர் 48 கிலோ, சரளைக்கல் 10 கிலோ, கண்ணாடி 9 கிலோ. மூடி, விளக்கு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் இறங்காமல் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். டி.வி. ஸ்டாண்டோ, பலகை அலமாரியோ இதற்கு உதவாது. இரும்புச் சட்டத்தாலான ஸ்டாண்டு நல்லது. ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மோகோல் தாள் விரித்தால் சிறு மேடுபள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும். முதலில் குளியலறையிலோ மொட்டை மாடியிலோ தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுதும் கசிகிறதா என்று சோதித்த பிறகே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிரம்பிய தொட்டியை ஒருபோதும் தூக்கக் கூடாது.

நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும். மின்சார விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பின்வாங்கிப் பம்புக்குள் இறங்கிவிடும்.

வேண்டிய சாதனங்கள் அதிகமில்லை. காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று, எல்.இ.டி. விளக்கு, வெப்பமானி, குளிர்காலத்துக்கு 50 வாட் ஹீட்டர், இறுக்கமான மூடி. காற்றுக் குமிழிகளே மீனுக்குப் பிராணவாயு தருகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். குமிழி மேலே வந்து நீர்ப்பரப்பைக் கலக்குகிறதே, அந்தக் கலக்கத்தில்தான் பெரும்பங்கு காற்று உள்ளே கரைகிறது.

எந்தத் தண்ணீர்?

கார்ப்பரேஷன் குழாய் நீர் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது. மீனுக்கு நல்லதுதான்; ஆனால் அதில் குளோரின் உண்டு. நமக்கு வரும் கிருமியைக் கொல்லும் அதே குளோரின் மீனின் செவுளையும், நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிரையும் கொல்லும். அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடைகளில் கிடைக்கும் ஆன்ட்டி-குளோரின் மருந்தை அட்டையில் சொன்ன அளவில் சேர்க்கலாம்.

ஆழ்குழாய் நீர் உபயோகிக்கும் அடுக்குமாடிகளில் இரும்புச் சத்து மிகுதியாக இருக்கக்கூடும். வாளியில் ஒரு நாள் வைத்தால் அடியில் பழுப்பாகப் படியும். மேலாக நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதாயிற்றே என்று அதையே ஊற்றுவதும் சரியல்ல. மீனுக்கும் செடிக்கும் வேண்டிய உப்புகள் அதில் நீக்கப்பட்டிருக்கும்.

உறை ஊற்றும் படலம்

பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, உறைமோர் விடாமல் மறுநாள் காலை தயிரை எதிர்பார்ப்போமா? தொட்டி விஷயமும் அதேதான். சரளைக்கல்லைப் பலமுறை கழுவிப் பரப்பி, வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகளை நட்டு, தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிடுங்கள். மீன் மட்டும் வேண்டாம்.

நுண்ணுயிர் பெருக அதற்கும் சாப்பாடு வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தேடி நுண்ணுயிர் பெருகும். மீன் சாமான் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். கடைசியில் நைட்ரைட்டும் இறங்கும். தினமும் தீனி போட்டும் இரண்டும் தொடர்ந்து பூஜ்யமாகவே நின்றால் தொட்டி ‘உறைந்துவிட்டது’ என்று பொருள்.

இந்த ஆறு வாரத்தைச் சுருக்க வழி உண்டு. நோயற்ற, நன்றாக ஓடும் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். அவர் தொட்டி நீரிலேயே நனைத்து, காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியோடு சேர்த்து வையுங்கள். இதுதான் உறைமோர். பல தொட்டிகள் இவ்விதம் இரண்டே வாரத்தில் தயாராகிவிடும். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் மீன் விட வேண்டாம். தயிரை உறைய வைக்கும் கிருமிகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகக் கூடியவை. இவையோ இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். பொறுமை அவசியம்.

யாரைக் குடியேற்றலாம்?

சிறிய மெல்லிய மீன்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 4 லிட்டருக்கு ஓர் அங்குல மீன். வாங்கும்போதுள்ள நீளம் அல்ல, முழுதாக வளர்ந்த நீளம். 48 லிட்டருக்கு 12 அங்குலம்.

இந்தக் கணக்குக்குள் அடங்கும் அழகான மீன்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. நீலக்கோடு போட்ட ஜீப்ரா டானியோ, வங்காள நீர்நிலைகளுக்குச் சொந்தமானது. சிவப்பும் நீலமும் பட்டையடித்த குள்ள கௌராமி, வங்காளிகள் ‘கோல்ஷே’ என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் முதன்முதலில் விஞ்ஞான முறையில் வர்ணித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். கங்கை மீன்களைப் பற்றிய அவருடைய நூல் 1822-இல் வெளிவந்தது. பிரான்சிஸ் புக்கானன் என்ற பெயரோடு 1800-இல் சென்னையிலிருந்து கிளம்பி, மைசூரும் கோயம்புத்தூர்ப் பகுதியும் சுற்றி, பயிர் பச்சையையும் தொழில்களையும் எழுதி வைத்தாரே, அதே மனிதர்தான். அவர் வர்ணித்த ஜீப்ரா மீன் இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் மரபணு ஆய்வுக்குப் பயன்படுகிறது. அதன் முழு மரபணு வரிசை 2013-இல் வெளியிடப்பட்டது. வங்காளத்து மீனுக்குக் கிடைத்த பெருமை!

ஆறு டானியோவுக்கு ஒன்றரை அங்குல வீதம் 9, ஆண் குள்ள கௌராமி ஒன்றுக்கு 3, மொத்தம் 12. டானியோ கூட்டமாக வாழும் மீன்; ஆறுக்குக் குறைந்தால் மிரளும். துள்ளிக் குதிக்கும் சுபாவமும் உண்டு, ஆகவே மூடி கட்டாயம். கௌராமிக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துப் போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆண் கௌராமி இரண்டை ஒன்றாக விட்டால் சண்டை நிச்சயம்.

கப்பி பிடிக்கும் என்றால் அதுவும் சரியே. ஆனால் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சு போடும். ஒருமுறை இணைந்த பின் ஆண் துணையின்றியே பல மாதம் குஞ்சு போட வல்லது. தொட்டி வெகு விரைவில் மாலை நேர லோக்கல் வண்டியாகிவிடும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. தங்க மீன் அரை அடிக்கு மேல் வளர்ந்து, பத்து வருடத்துக்கும் மேல் வாழக்கூடியது; 2 அடித் தொட்டி அதற்குச் சிறை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் ‘சக்கர்’ மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பின் யாரோ குளத்தில் கொண்டுபோய் விட, அது இன்று கிழக்குக் கொல்கத்தாப் பேரிகளிலும் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி மீனவர்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது. எந்தத் தொட்டி மீனையும் குளத்தில் விடுவது புண்ணியம் அல்ல. ‘சாந்தா’ எனப்படும் கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி, பல வண்ணத்தில் விற்கும் வழக்கமும் உண்டு. இயற்கையில் கண்ணாடிபோல் தெளிவான உடல் கொண்ட மீன் அது. அப்படிப்பட்டதை வாங்காமல் இருப்பதே அந்த வழக்கத்தை நிறுத்தும் வழி.

வேகக் கட்டுப்பாடு

புதிதாகச் சல்லி கொட்டிய தண்டவாளத்தில் முதல் நாளே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, சல்லி இறுகியபின் படிப்படியாக உயர்த்துவோம். தொட்டிக்கும் அந்த விதி பொருந்தும். முதலில் ஆறு டானியோ மட்டும். இரண்டு வாரம் சோதித்து, அம்மோனியா எழவில்லை என்று உறுதியானபின் கௌராமி.

கடையில் வாங்குமுன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை விரித்து நீந்துகிறதா? உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் உண்டா? அதே தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா? சந்தேகமிருந்தால் வெறுங்கையோடு திரும்புங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமாகட்டும். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

வாரம் ஒருமுறை

தீனி தினமும் ஒருமுறையோ இருமுறையோ, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. விருந்தோம்பல் நம் பண்பாடுதான். மீனிடம் அது வேண்டாம். விளக்கு 7, 8 மணி நேரம் போதும். வாரம் ஒருமுறை குழாய் வைத்து, கல்லிடுக்கு அழுக்கோடு 12 லிட்டர் தண்ணீரை வெளியேற்றி, குளோரின் நீங்கிய புது நீரை நிரப்புங்கள். சேரும் நைட்ரேட் இதனால் வெளியேறும்.

இங்கேதான் நம் வீட்டுச் சுத்தக்காரர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொட்டியை முழுதும் காலி செய்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவினால், ஆறு வாரம் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். உறைமோர் கிண்ணத்தைச் சுத்தமாக அலம்பிக் கவிழ்த்து வைத்ததுபோல் ஆகும். பஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியேற்றிய தொட்டி நீரிலேயே இரண்டு தடவை பிழிந்து மறுபடி மாட்டுங்கள். அதன் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம்.

வெயில், குளிர், ஊர்ப் பயணம்

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே சித்திரை வைகாசியில் மூடிக்குப் பதில் கொசுவலை கட்டி, மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் படும்படி செய்யுங்கள். மண்பானைத் தத்துவம்தான். இங்குள்ள புழுக்கத்தில் இரண்டு டிகிரி குறைந்தாலே லாபம். ஜனவரி இரவுகளில் கௌராமிக்கு ஹீட்டரை 25 டிகிரியில் வைக்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை முதலில் அணைத்துவிடுங்கள். மின்சாரம் நெடுநேரம் நின்றால், பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு மீனையும் நுண்ணுயிரையும் காக்கும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பது நம்மவர்களின் முதல் கேள்வி. ஒரு வாரமானால் எதுவும் செய்ய வேண்டாம். வளர்ந்த மீன் பட்டினி தாங்கும். ஒரு மாதமானால் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கும்போது, தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைபோல் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டி, இரண்டு நாளுக்கு ஒன்று என்று தேதி எழுதிக் கொடுங்கள். அன்பு மிகுதியால் அள்ளிப் போடும் தீனிதான் நாம் இல்லாத வீட்டில் மீனுக்கு எமன். தண்ணீர் மாற்றத் தெரிந்த ஒருவர் இடையில் இரண்டுமுறை வந்து போனால் இன்னும் நல்லது.

குழந்தை ஓர் உயிரைப் பொறுப்போடு கவனிக்கப் பழகும் முதல் இடமாக இந்தத் தொட்டி அமையக்கூடும். மீன் வருமுன் ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக் காத்திருப்பதும் அந்தப் பாடத்தின் பகுதியே. என்றாவது ஒரு மீன் முதுமையால் இறந்தால், அதை மறைக்காமல் காட்டி, அதன் ஆயுள் முடிந்தது என்று சொல்லலாம். நம் கவனக்குறைவால் அது போகவில்லை என்று மனசாட்சியோடு சொல்ல முடியும்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக இந்த ஊருக்கு வந்த குடும்பங்களுக்கு நம் வீடுகளிலிருந்து உறைமோர் கொடுத்துப் பழகியவர்கள் நாம். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவர்கள் வடிகட்டிக்குள் ஒரு துண்டுப் பஞ்சைக் கூடுதலாகப் போட்டு வைத்தால், புதிதாகத் தொடங்குபவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.